செட்ரிசினும் மூட்டைப்பூச்சியும்

எங்கள் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் காரணம் தேடுவார்கள். எனக்கு மட்டும் தேடுவதில்லை. “அவளுக்குத்தான் அலர்ஜியாச்சே” என்பதோடு விசாரணை முடிந்துவிடும். பொய்யும் இல்லை. பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்தே எனக்கு இழுப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று கிளம்பினால் துடியலூரில் முதல் தும்மல் என்னுடையதாகத்தான் இருக்கும். பார்த்தீனியம் பூத்துக் கிடக்கிற காலி மனைப் பக்கம் நடக்க மாட்டேன். ஒட்டடை அடிக்கிற நாளில் வீட்டிலேயே இருக்க மாட்டேன். கைப்பையில் சில்லறை இல்லாவிட்டாலும் செட்ரிசின் அட்டை இருக்கும்.

அதனால் ஓர் ஆடி மாதம் இடது கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியபோது யாரும் திகைக்கவில்லை. மாமியார் முதலில் கத்தரிக்காயை நிறுத்தினார். அப்புறம் கருவாடு போயிற்று. கடைசியில் நிலக்கடலைச் சட்னியும் போயிற்று. தோல் டாக்டர் ‘அர்ட்டிகேரியா’ என்று எழுதி, ராத்திரி ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக்கினார். மாத்திரையின் கிறக்கத்தில் நன்றாகத் தூங்கினேன். நன்றாகத் தூங்கியதால் இன்னும் நன்றாகக் கடி வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. “ஒரே மெத்தை, ஒரே போர்வை. பூச்சி கீச்சி இருந்தா என்னையும் கடிக்கோணுமல்ல?” என்றார். எதிர்க் கேள்வி கேட்க முடியாத கேள்வி. ஆடி முழுக்க அந்தக் கேள்வியிலேயே ஓடியது.

உண்மையைக் கண்டுபிடித்தது கவுண்டம்பாளையத்திலிருந்து வந்த என் அம்மா. கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே மூன்று தடிப்புகள், ஒரே வரிசையில். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி முனை அளவுக்குச் சிவப்பு. “எத்தன நாளா இருக்குது இது?” என்றாள். நாலைந்து நாளாக என்றேன். “அலர்ஜித் தடிப்பு காலைல வந்தா பொழுதோட போயிரும் கண்ணு. மறுபடி வேற எடத்துல வரும். இது வந்த எடத்துலயே நிக்குது. மூட்டப்பூச்சி. கட்டில அவுத்துப் பாரு.”

பிற்பாடு படித்துப் பார்த்தபோது, அம்மா சொன்னது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் என்று தெரிந்தது. அர்ட்டிகேரியாத் தடிப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பூச்சிக்கடி நாள் கணக்கில் நிற்கும். வீட்டுக்காரர் கேள்விக்கும் பதில் இருந்தது. மூட்டைப்பூச்சி குத்தும்போது வலி தெரியாமலும் ரத்தம் உறையாமலும் இருக்கத் தன் எச்சிலை உள்ளே இறக்குகிறது. அந்த எச்சிலுக்கு நம் உடம்பு காட்டுகிற கோபம்தான் தடிப்பும் அரிப்பும். கோபமே வராத உடம்புகள் ஏராளம். இவருடையது அந்த ரகம். இவரையும் இத்தனை நாளாகக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். திருமண வாழ்க்கையில் இதுபோல் வேறு விஷயங்களும் உண்டு. அவை இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு இந்தப் பூச்சி பழக்கம். மேட்டுப்பாளையம் ரோட்டு மில் ஒன்றின் லைன் வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், கட்டில் ஒன்று. ஒருவர் ஷிப்டு முடிந்து வந்தால் இன்னொருவர் எழுந்து போவார். கட்டில் ஆறுவதே இல்லை. மூட்டைப்பூச்சிக்கு ராத்திரிதான் சாப்பாட்டு நேரம் என்பார்கள். லைன் வீட்டுப் பூச்சிக்கு மூன்று வேளையும் சாப்பாடு. ராத்திரி விளக்கைப் போட்டு, சுவரில் நசுக்கி நசுக்கி, சுண்ணாம்புச் சுவரெல்லாம் பழுப்பாகக் கோடு கோடாய் இருக்கும். நசுக்கினால் வரும் அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சினிமா கொட்டகையிலும் அதே நாற்றம். பெஞ்சு டிக்கெட்டில் படம் பார்த்துவிட்டு வந்தால் வாசலிலேயே பாவாடையை உதறச் சொல்வாள் அம்மா.

விடுமுறைக்கு அமுச்சி வீட்டுக்குப் போனால் அங்கே கயிற்றுக் கட்டில். அமுச்சியின் வைத்தியம் எளிது. சித்திரை வெயிலில் கட்டிலை வாசலுக்குத் தூக்கி வந்து, கால் ஒன்றைக் கருங்கல்லில் ஓங்கி ஓங்கிக் குத்துவாள். பூச்சி உதிரும். கோழிகள் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும். அப்புறம் அண்டாவில் கொதிக்கிற தண்ணீரை மொண்டு, சட்டமும் காலும் சேருகிற மூலைகளில் மெதுவாக ஊற்றுவாள். வேப்பந்தழையால் இரண்டு அடி. முடிந்தது. அன்றைக்கு அந்தக் கட்டிலில் எனக்கு இழுப்பு வராது.

லைன் வீட்டில் அந்த வசதி இல்லை. அப்பா கமாக்சின் பொடி வாங்கி வருவார். கட்டில் மூலை, சுவர் வெடிப்பு, பாய் மடிப்பு எல்லாவற்றிலும் தூவுவார். தீபாவளிக்கு முன்னால் டிக்-20 வாங்கித் தகரப் பம்பில் ஊற்றி வீடு முழுக்கப் புஸ் புஸ்ஸென்று அடிப்பார். அடித்த அன்று ராத்திரி நான் திண்ணையில் உட்கார்ந்தபடியே விடிய வைப்பேன். நெஞ்சு விசில் அடிக்கும். அம்மா முதுகைத் தேய்த்தபடி அப்பாவைத் திட்டுவாள். பூச்சிக்கு அடித்த மருந்து பிள்ளைக்கு ஆகாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த தீபாவளிக்கும் அடிப்பார்கள். கமாக்சினின் மூலப்பொருளான பி.எச்.சி.யை 1997-இல் நம் நாட்டில் தடை செய்தார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, மெத்தைக் கட்டிலுக்கு வந்துவிட்டிருந்தேன்.

அம்மா சொன்ன அன்று மத்தியானமே கட்டிலைப் பிரித்தோம். மாமனார் காலத்துத் தேக்குக் கட்டில். தலைமாட்டுப் பலகையை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கும். முதல் திருகாணியைக் கழற்றிக் குழிக்குள் டார்ச் அடித்தேன். குழியின் விளிம்பில், பால்பாயிண்ட் பேனா மையில் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல் கரும்புள்ளிகள். ஈரப் பஞ்சால் துடைத்தபோது துருவின் நிறத்தில் தீற்றியது. செரித்த ரத்தம். உள்ளே, உரித்துப்போட்ட தோல்கள் வெங்காயச் சருகாட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கும் உள்ளே, வெளிச்சம் பட்டதும் அவசரமே இல்லாமல் திரும்பி ஆழத்துக்குப் போனது ஒன்று. முந்தின ராத்திரி நன்றாகச் சாப்பிட்டிருந்தது. வயிறு உருண்டு, நகர முடியாமல் நகர்ந்தது. மெத்தையில் என் பக்கத்து ஓர மடிப்பைப் பிரித்தேன். தையலோடு தையலாக ஒட்டிக்கொண்டு வெள்ளை முட்டைகள். ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணாடி போடாமல் பார்த்தால் நூல் முடிச்சு என்றே நினைப்போம்.

எப்படி வந்தது என்பதும் அன்றே விளங்கியது. வைகாசியில் மகள் படிப்பை முடித்து விடுதியைக் காலி செய்து வந்தாள். மெத்தையும் தலையணையும் பெட்டியும் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் போய் உட்கார்ந்தன. இந்தப் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆள் தூக்கி வந்தால்தான் ஊர் மாறும். நம் பக்கத்து வெக்கையில் முட்டை பொரிந்து, ஐந்து முறை தோல் உரித்து, ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வேளை ரத்தம் குடித்து முழுப் பூச்சியாக ஐந்தாறு வாரம் போதும். வைகாசியில் வந்தது ஆடியில் குடும்பமானது கணக்குக்குச் சரியாக இருந்தது. மகளிடம் கேட்டேன். “அங்க எல்லாருக்கும் இருந்துச்சும்மா, நாங்க யாருமே வெளிய சொல்லல” என்றாள்.

நாங்களும் சொல்லவில்லை. அந்த மாதம்தான் தம்பி குடும்பம் நோம்பிக்கு வந்து தங்குவதாக இருந்தது. மூட்டைப்பூச்சி வந்த வீடு அழுக்கு வீடு என்று இன்னும் நம்புகிறார்கள். பூச்சிக்கு அழுக்கும் சுத்தமும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது மூச்சின் கரியமில வாயுவும் உடம்புச் சூடும் ரத்தமும் ஒரு சந்தும். 2023-இல் பாரிஸ் நகரமே இதற்காக அல்லோலகல்லோலப்பட்டது. அந்தச் செய்தி அப்போதே வந்திருந்தால் மாமியாருக்குக் காட்டியிருப்பேன். “பெயின்ட் அடிக்கிறோம், அவளுக்கு அந்த வாசம் ஆகாது, நாங்களே அங்க வர்றோம்” என்று தம்பி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார் இவர். நாங்கள் போகவும் இல்லை. பூச்சியைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? அலர்ஜி அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு உபயோகப்பட்டது.

அடுத்த கேள்வி மருந்து. பூச்சி மருந்து அடிக்கிறவர் வந்து பார்த்தார். நேர்மையான ஆள். “ஒருக்கா அடிச்சாப் போதாதுங்க. முட்டைக்கு மருந்து ஏறாது. பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொருக்கா அடிக்கோணும். அதுக்கும் மிஞ்சினா மறுபடி வாறனுங்க” என்றார். இழுப்பு இருக்கிறது என்று சொன்னேன். மெத்தையில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் பூச்சி மெத்தையில்தானே இருக்கிறது? எனக்கு அப்பாவின் தகரப் பம்பு கண்முன் வந்தது.

மருந்தின் கதை நம்பிக்கை தருவதாகவும் இல்லை. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர் 1939-இல் கண்டுபிடித்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அவர் பரிசு வாங்குவதற்கு முந்தின வருடமே, 1947-இல், ஹவாய்த் தீவில் டி.டி.டி.க்கு அசையாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்துக்கும் உலகின் பல பகுதிப் பூச்சிகள் பழகிவிட்டன. பூச்சிக்குப் பழகியது என் நுரையீரலுக்குப் பழகாது. மூட்டைப்பூச்சி நோய் எதையும் பரப்புவதாக இதுவரை நிரூபணமாகவில்லை. கடிபட்டுக்கொண்டு பத்து நாள் கூடுதலாக இருக்கலாம். மூச்சு நின்றால் பத்து நிமிஷம் இருக்க முடியாது. நான் மருந்து வேண்டாம் என்றேன். சுவர் வெடிப்பில் மட்டும் அவர் அடைப்புப் பசை பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். காசு குறைவாகத்தான் வாங்கினார்.

பிறகு நான் செய்ததெல்லாம் ஒரே வேலைதான்: வீடு எப்படியும் போகட்டும், கட்டில் மட்டும் பூச்சி ஏற முடியாத இடமாக வேண்டும். முதலில் வெக்கை. 55 டிகிரியைத் தாண்டினால் முட்டைகூடத் தப்பாது. சட்டங்களை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், அமுச்சி செய்ததுபோல் குழி குழியாகக் கொதிதண்ணீர் ஊற்றினோம். காய்ந்ததும் ஆசாரி வந்து வேண்டாத துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். போர்வை, உறை, திரைச்சீலை எல்லாம் 60 டிகிரியில் மெஷினில் போயின. இந்த 60 டிகிரி எனக்குப் புதிதல்ல. மெத்தைத் தூசியில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளுக்காக என் மூச்சு டாக்டர் பல வருடம் முன்பே சொன்ன அதே சூடு. ஒரு துவைப்பில் இரண்டு எதிரி.

மெத்தைதான் தொல்லை. வெயிலில் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். அமுச்சியின் கயிற்றுக் கட்டிலுக்கு வெயில் சரி. அதற்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. நம் மெத்தைக்கு ஆறு அங்குலம் உள்ளே இருக்கிறது. மேல்பக்கம் சுட்டால் பூச்சி கீழ்ப்பக்கம் நிழலுக்கு நடந்து போய்விடும். தட்டி உதறினாலோ தூசி முழுக்க என் மூக்குக்கு. எனவே மெத்தையின் மடிப்புகளில் மட்டும் துணிக்கு வைக்கிற ஸ்டீமரை, எறும்பு ஊர்கிற வேகத்தில், அங்குலம் அங்குலமாக நகர்த்தினார் இவர். வேகமாக அடித்தால் ஆவியின் காற்றே பூச்சியை ஊதித் தள்ளிவிடும். நான் மூக்கைக் கட்டிக்கொண்டு பக்கத்து அறை வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தேன். கடி படாதவருக்குத்தான் இந்த வேலை என்று தீர்ப்பாகியிருந்தது.

அப்புறம் முழு மெத்தையையும் ஆறு பக்கமும் மூடுகிற ஜிப் உறை. மேலே விரிக்கிற ‘புரொடெக்டர்’ இதற்கு உதவாது. இந்த உறையில் கவனிக்க வேண்டியது துணியைவிட ஜிப் முடிகிற மூலை. ஒரு மில்லிமீட்டர்க் குஞ்சுக்கு அந்தச் சின்ன இடைவெளி வாசற்கதவு. முதலில் துடியலூரில் தையல்கார அக்காவிடம், ஒப்பணக்கார வீதியில் வாங்கிய துணியில் தைக்கக் கொடுத்தேன். ஜிப் மூலையில் என் சுண்டுவிரலே நுழைந்தது. மூட்டைப்பூச்சிக்கு என்று செய்த உறை வாங்கினேன்; நெருக்கமான நெசவு, தூசி உண்ணிக்கும் ஆகும். அதிலும் ஜிப்பை மூடி, முனையில் துணி டேப் ஒட்டினேன். உள்ளே மாட்டிய பூச்சி சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால் ஒரு வருடம் கழற்றக் கூடாது. வேனலில் முதுகு வேர்க்கும். புரண்டால் சரசரக்கும். இவர் இன்று வரை அதைக் குறை சொல்கிறார்.

கட்டில் கால்களுக்கு வந்தால், அம்மா கொட்டாங்குச்சியில் சீமெண்ணெய் என்றாள். சீமெண்ணெய் வாசத்துக்கு எனக்கு நெஞ்சு அடைக்கும். அதற்கென்று பிளாஸ்டிக் கிண்ணங்கள் விற்கிறார்கள்: வழுவழுப்பான சுவர், உள்ளே விழுந்த பூச்சி ஏற முடியாது என்று விளம்பரம். வைத்த மறுநாள், கிண்ணத்துக்குள் ஒன்று சாவகாசமாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கிண்ணங்கள் குளிர்நாட்டு மூட்டைப்பூச்சிக்காக உருவானவை. நம் ஊரில் அதிகம் இருப்பது வெப்பநாட்டு வகை, சைமக்ஸ் ஹெமிப்டெரஸ். அதன் காலில் ஒட்டுமயிர் அதிகம், அதனால் வழுக்குச் சுவரில் நன்றாக ஏறும் என்று பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்களும் பெல்ஜியம், ஆஸ்திரேலியா நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து 2017-இல் எழுதியிருக்கிறார்கள். கிண்ணச் சுவரில் முகப் பவுடரைத் துணியால் தேய்த்துத் துடைத்துவிட்டால் அதற்கும் வழுக்கும். பவுடரைக் கொட்டாமல் தேய்ப்பது முக்கியம். கொட்டினால் வழுக்குவது பூச்சிக்கு, தும்முவது நான்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். போர்வை நுனி தரையைத் தொடக் கூடாது. கொசுவலையும் அப்படியே, அது தொங்கினால் ஏணி. கட்டிலுக்கு அடியில் பெட்டி கிடையாது. கழற்றிப் போட்ட சேலையைக் கட்டில்மேல் வீசக் கூடாது. இந்தச் சட்டங்களை மீறியவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, அவர் இதைப் படிப்பார். ஐப்பசி மழையின்போது கிண்ணங்கள் காலியாகவே இருந்தன. கார்த்திகையிலும் காலி.

ஆனால் தும்மல் நிற்கவில்லை. கடி இல்லை, தடிப்பு இல்லை. படுத்தால் மூக்கடைப்பு மட்டும் முன்பைவிட அதிகம். மறுபடியும் “அலர்ஜியாச்சே” என்று தொடங்கினார்கள். இந்த முறை எனக்குப் பதில் கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மூட்டைப்பூச்சி இருந்த வீடுகளின் தூசியில் ஹிஸ்டமின் என்ற பொருள், பூச்சி இல்லாத வீடுகளைவிட 20 மடங்குக்கு மேல் இருந்தது. சூடேற்றிப் பூச்சிகளைக் கொன்று மூன்று மாதம் கழித்தும் அந்தத் தூசியில் அது குறையவில்லை. ஹிஸ்டமின் வருவது பூச்சியின் எச்சத்திலிருந்து. திருகாணிக் குழியில் நான் பார்த்த அந்தக் கரும்புள்ளிகள்.

பூச்சிக்கு அது வெறும் கழிவும் அல்ல. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ரெஜின் கிரீஸ் என்பவரும் அவர் கணவரும் மூட்டைப்பூச்சிகள் எந்த வாசத்துக்குக் கூடுகின்றன என்று தேடினார்கள். பூச்சிகளை வளர்க்க ரத்தம் வேண்டுமே? அந்த அம்மா வாராவாரம் தன் கையையே கொடுத்தார். கடித்தால் அவருக்கு லேசாகத்தான் தடிக்கும், கணவருக்கு வீங்கிவிடும். எங்கள் வீட்டில் நேர் எதிர். வாசங்கள் பூச்சியை இழுத்து வரும், வந்த இடத்திலேயே தங்க வைப்பது ஹிஸ்டமின் என்று கண்டுபிடித்தார்கள். நான் ஆயுள் முழுக்க எதை அடக்கச் செட்ரிசின் விழுங்குகிறேனோ, அதே பொருளால்தான் பூச்சிகள் ‘இதுதான் நம் வீடு’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்ததில் இருமலும் வந்தது.

பூச்சி செத்தாலும் வேலை முடியவில்லை என்று அதில்தான் புரிந்தது. பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைத்தோம். திருகாணிக் குழிகளைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கி விட்டுத் தேய்த்தோம். இலவம் பஞ்சுத் தலையணைகளைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கத்தியால் குறுக்கே கிழித்து, பையில் கட்டி, மேலே ‘மூட்டைப்பூச்சி’ என்று மார்க்கரில் எழுதிக் குப்பை வண்டியில் போட்டோம். கிழிக்காமல் போட்டால் யாராவது எடுத்துப் போய் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். தையில் மூக்கு திறந்தது.

குப்பை வண்டிக்காரர் அந்த எழுத்தைச் சத்தமாகப் படித்ததில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வெசனப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுதோட மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு, சேலையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினார். மூன்று தடிப்பு, வரிசையாக. “எங்கூட்லயும் ரெண்டு மாசமாங்க. ஸ்பிரே வாங்கி வெச்சிருக்கறனுங்க, இன்னைக்கு அடிச்சறலாமுங்களா?” அவர் பையனுக்கு வீசிங் உண்டு, ராத்திரியில் நெபுலைசர் ஓடுகிற சத்தம் எங்கள் அறைக்குக் கேட்கும். பையன் எங்கே படுக்கிறான் என்றேன். அதே கட்டில்தான் என்றார். ஸ்பிரேவை எங்கள் வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சையும் திருப்புளியையும் இவரிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பினேன். அடுப்பில் பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்தேன்.